லயம் இல்லாத புகைப்படம்

அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று சென்னையில் சிதறிக் கிடக்கும் நாங்கள் ஐந்து பேர், ரொம்ப நாள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் இலங்கை போய் வந்தோம். எங்களில் யாருக்கும் அதற்கு முன் பாஸ்போர்ட் கிடையாது. அரங்கம், போராட்டம் எதுவும் வேண்டாம், மலையையும் அருவியையும் மட்டும் பார்ப்போம் என்று பேசி வைத்திருந்தோம். நம் பிள்ளைகளுக்கும் சும்மா இருந்து பச்சையைப் பார்க்கிற உரிமை உண்டுதானே!

முதல் மூன்று நாட்கள் அப்படித்தான் போயின. எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலுக்குக் கையசைத்தோம். கடைசி இரண்டு நாட்கள் நுவரெலியா, தலவாக்கலை. சென்ட் கிளேயர் அருவிக்கு எதிரே நின்று படம் எடுக்கையில், ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீள வரிசை வீடுகள் விழுந்தன. எங்களில் ஒருவர் "அதை வெட்டிவிட்டால் படம் நல்லா இருக்கும்" என்றார். வெட்டினோம்.

அது லயம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு.

அன்று மாலை அப்படியொரு லயத்தின் அருகே, விறகு சுமந்து வந்த அம்மாவிடம் வழி கேட்டோம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சென்னை என்றதும் சுமையை இறக்கி வைத்தார். "எங்க அக்கா அங்கதான் இருக்கு. எழுபத்தி நாலுல கப்பல் ஏறிச்சு. கோத்தகிரிப் பக்கம்னு ஒரு கடிதாசி வந்துச்சு, அவ்வளவுதான். அங்க எங்க ஆளுங்க எப்படி இருக்காங்க, தம்பி?"

எங்களிடம் பதில் இல்லை. கோத்தகிரிக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். அங்கேயும் படம்தான் எடுத்தோம்.

தோழர்களே, நமக்குத் தெரிந்த வரலாறுதான் இது. திருச்சி, மதுரை, தஞ்சைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் திரட்டிப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். முதலில் காப்பி, 1867-க்குப் பிறகு தேயிலை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். எந்த லயத்திலும் போய் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்தக் கணக்கில்தான் ஓர் அக்காவும் தங்கையும் பிரிந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்காக நீலகிரியிலும் தேயிலைத் தோட்டம் போட்டது நம் அரசு. அங்கே கொழுந்து பறித்தவர்கள் இங்கே வந்தும் கொழுந்தே பறித்தார்கள். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர்.

கடைசி நாள் காலை மலையை மறுபடி பார்த்தோம். அழகு குறையவில்லை. ஆனால் அது தானாக வந்த பச்சை இல்லை என்பது தெரிந்தது. காட்டை வெட்டி, கல்லைப் பெயர்த்து, ஒவ்வொரு செடியாக நட்ட கைகள் அதற்குள் இருக்கின்றன. நம் சேரிகளிலிருந்து போன கைகள்.

திரும்பி வந்து அடையாறில் டீ குடித்துக்கொண்டே நண்பர் ஒருவரிடம் படங்களைக் காட்டினோம். "சொர்க்கம்யா" என்றார். வெட்டாத படத்தைத் தேடி எடுத்துக் காட்டினோம். "இது என்ன வீடு?" என்று கேட்டார். அங்கிருந்து பேச்சு ஆரம்பித்தது.

நீங்களும் ஊர் சுற்றுங்கள், ரசியுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். படத்தின் ஓரத்தை மட்டும் வெட்டாதீர்கள். அந்த அம்மாவிடம் அக்காவின் பெயரை எழுதி வாங்கி வந்திருக்கிறோம். அடுத்த மாதம் கோத்தகிரி போகிறோம். இந்த முறை விசாரிக்க.

ஜெய் பீம்.