புகைக்கு மூன்று நிறம்



மூன்று வாரமாக ஜீப்பைக் காணோமே, விற்றுவிட்டீர்களா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். வண்டி இல்லாதவர்களும் கடைசி வரை படியுங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

அது என் அண்ணன் ஓட்டிய ஜீப். 1998 மாடல். அண்ணன் காலமான பிறகு என்னிடம் வந்தது. வாரத்தில் நான்கு நாள் போடியிலிருந்து மெட்டு ஏறி, எங்கள் துண்டு ஏலத்தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவேன். காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகட்டும் என்று ஐந்து நிமிடம் வாசலிலேயே ஓடவிடுவது வழக்கம்.

எதிர்வீட்டில் இருப்பவள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். நான் ஸ்டார்ட் செய்ததும் அந்த வீட்டு ஜன்னல் சாத்தப்படும். பனிக்காற்றுக்காகச் சாத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரையிலும் சாத்தினாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் அவளுடைய ஏழு வயது மகன் வண்டிப் பக்கம் வந்து நின்றான். "தாத்தா, உங்க ஜீப் கிளம்புனா எனக்கு இருமல் வருது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு" என்றான்.

அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. அதைத்தான் தினமும் ஐந்து நிமிடம் ஒரு பிள்ளையின் ஜன்னலுக்கு நேராக விட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றே புகைப் பரிசோதனைக்குப் போனேன். பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு உச்சவரம்பு 65. என் வண்டி காட்டியது 81. பக்கத்திலிருந்த பட்டறையில் காட்டினேன். வண்டியைச் சுற்றிக்கூட வராமல், "இன்ஜின் வேலை செய்யணும் சார், எழுபத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். என் ஓய்வூதியத்தில் அது முடியாத காரியம். விற்றுவிடலாம் என்றும் தோன்றியது. விற்றால் புகை நிற்காது, வேறு தெருவுக்குப் போகும், அவ்வளவுதான்.

பிறகுதான் முந்தல் சாலையில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் நினைவு வந்தது. பெயர் சொன்னால் கூச்சப்படுவான். அவன் சாவியைக் கேட்கவில்லை. கேள்விதான் கேட்டான்.

"புகை என்ன நிறம் சார்? காலையில மட்டுமா, மேடு ஏறும்போதுமா? ஆயில் குறையுதா? ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா?"

அவன் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். புகையின் நிறம்தான் நோயின் முதல் தடயம்.

நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சீல் போயிருக்கலாம். ஆயில் குச்சியில் அளவு இறங்கிக்கொண்டே வரும்.

வெள்ளைப்புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. குளிர்ந்த காலையில் ஓரிரு நிமிடம் வந்து மறைந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். விறகடுப்பில் விறகைத் திணித்துவிட்டு ஊதாமல் விட்டால் என்ன ஆகும், அதேதான்.

என் வண்டி கொண்டை ஊசி வளைவு 17-லும் கரும்புகை கக்கும். ஆயிலும் தண்ணீரும் குறையவில்லை. சைலன்சர் முன்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தான். உலர்ந்த கரிதான் படிந்தது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. "ரிங் வேலையா இருக்காது சார். செலவு கம்மியானதுல இருந்து பாப்போம்" என்றான்.

முதலில் ஏர் ஃபில்டர். கழற்றி விளக்குக்கு முன் பிடித்தான், வெளிச்சம் ஊடுருவவே இல்லை. புதிது போட்டதும் புகை கொஞ்சம் குறைந்தது. போதவில்லை.

அடுத்து, இன்ஜின் ஓடும்போதே நாசிலுக்குப் போகும் டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தி, திரும்ப இறுக்கினான். மூன்றாவதைத் தளர்த்தியபோது புகை சட்டென்று அடங்கியது. குற்றவாளி அதுதான். (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் மெக்கானிக்கே இப்படித் தொடக் கூடாது.)

நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் சோதித்தார்கள். பனிமூட்டம் போலத் தூவ வேண்டிய டீசல், சரியாக மூடாத குழாய் போலச் சொட்டியது. நான்கு நாசிலையும் மாற்றி, பம்பையும் சரிபார்த்தோம். உதிரிபாகம் வர நாளானதால்தான் மூன்று வாரம். மொத்தச் செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம். மறுபரிசோதனையில் 44.

இந்த மாணவனைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பான். "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்று எத்தனையோ முறை அடக்கியிருக்கிறேன். அதை நினைவுபடுத்தி வருத்தம் தெரிவித்தேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்று சிரித்தான். எனக்குத்தான் விட முடியவில்லை. கேட்பவனை நான் அடக்கினேன், அதைப் பார்த்து மற்றவர்கள் பேசாமலிருக்கப் பழகினார்கள். எதிர்வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பறையில் உட்கார்ந்தவள்தானே.

அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ சார், நீங்க போய்..." என்று பதறினாள். பையன் மட்டும் நேர்மையாகச் சொன்னான்: "இப்ப கம்மியாதான் வருது தாத்தா. ஆனா வருது."

உண்மைதான். டீசல் வண்டி எவ்வளவு சரியாக இருந்தாலும் புகை அடியோடு நிற்காது. இப்போது ஜீப்பை மெயின் ரோட்டு ஓரத்தில், வீடுகள் இல்லாத இடத்தில் நிறுத்துகிறேன். ஸ்டார்ட் செய்ததும் கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் இன்ஜின் தானே சூடாகிவிடுகிறது. வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டதே தேவையில்லாத வேலை.

இனி வேண்டுகோள். என் வண்டியோ, என் பேச்சோ, என் பழக்கமோ உங்களில் யாருக்காவது இடைஞ்சலாக இருந்தால் வந்து சொல்லுங்கள். சார் என்பதற்காக ஜன்னலைச் சாத்திக்கொள்ளாதீர்கள். உட்காருடா என்று இனிச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் சார்