வாளியும் உளியும்

நூலில் படிக்கும் வரலாறு அறிவில் பதியும். கையில் ஏந்தும் வரலாறோ நெஞ்சில் பதியும். இவ்வுண்மையை உணர்ந்த தமிழாசிரியர் ஒருவர் சிம்பாங் அம்பாட்டில் வாழ்கிறார். பணியினின்று ஓய்வு பெற்றபின் அவர் சுமக்கத் தொடங்கியது ஒரு தகரப் பெட்டி.

நாற்சந்தி என்று பொருள்படும் சிம்பாங் அம்பாட், மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில் உள்ளது. இம்மாநிலத்தில்தான் டான் சே யான் என்னும் சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வாணிகப் பயிராக நட்டார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழகத்தில் ஆள் திரட்டினர். 1938இல் இந்திய அரசு அதனைத் தடை செய்தது. அன்று வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். ஆனால் அவர்கள் வியர்வை சிந்திய தோட்டங்கள் பல, செம்பனைக் காடுகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன.

ஒருநாள், பழைய இரும்பு ஏற்றிச் சென்ற லோரியில் நசுங்கிய பால்வாளி ஒன்றை ஆசிரியர் கண்டார். அவருடைய அன்னை தோளில் காண்டாக் கம்பு வைத்துச் சுமந்ததும் அத்தகைய வாளியே. லோரியை நிறுத்தி, கேட்ட விலையைக் கொடுத்து அதை வாங்கினார். அதன்பின் உளி, மங்கு, நெற்றிவிளக்கு, சம்பளத் துண்டு என ஒவ்வொன்றாக வீடுதோறும் கேட்டுச் சேர்த்தார். பெட்டி நிறைந்ததும் பள்ளிகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் கொண்டு செல்லலானார்.

வகுப்பில் அவர் முதலில் எதனையும் விளக்குவதில்லை. பொருளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, "இது எதற்குப் பயன்பட்டிருக்கும்?" என்று வினவுவார். மங்கைப் பனிக்கூழ்க் கிண்ணம் என்பான் ஒரு சிறுவன். சிரிப்பு அடங்கியபின் ஆசிரியர் தொடங்குவார். உளி பட்டையை மட்டுமே சீவ வேண்டும்; ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலால் விடியுமுன்னே வெட்ட வேண்டும். நெற்றியில் விளக்கு ஏன் என்பது அப்போது பிள்ளைகளுக்கு விளங்கும். இரு வாளிகளிலும் நீர் நிரப்பிக் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றிய மாணவி ஒருத்தி பத்தடி நடக்குமுன் இறக்கிவிட்டாள். "எங்கள் பாட்டியின் தோள் ஏன் காய்த்துப் போயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது, சார்" என்றாள்.

ஒருமுறை கோயில் மண்டபத்தில், தொண்ணூறை நெருங்கிய மூதாட்டி ஒருவர் பெட்டியிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பின்னர், "வாத்தியாரையா, சயாமுக்குப் போன எங்கப்பாவுக்கு இந்தப் பெட்டியில ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

1942–1943இல் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க ஜப்பானியர் கொண்டுசென்ற தோட்டத் தமிழர் பல்லாயிரவர். மீளாதோர் மிகப் பலர். அவர்கள் விட்டுச் சென்ற பொருளென்று பல குடும்பங்களில் ஒன்றுமே இல்லை. ஆசிரியரால் விடை கூற இயலவில்லை. மறுநாள் ஒரு குறிப்பேட்டுடன் மூதாட்டியின் இல்லம் சென்றார். தந்தையின் பெயர், தோட்டம், புறப்பட்ட நாளில் அவர் மகளிடம் சொன்ன சொல் யாவற்றையும் கேட்டு எழுதினார். இப்போது அக்குறிப்பேடும் பெட்டியில் இருக்கிறது. பிற குடும்பத்தாரும் அதில் எழுதி வருகின்றனர்.

இலங்கையில் கம்பளைக்கு அருகே, பழைய பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அதுபோன்ற கட்டடம் எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாணவர்களே, உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு வாளி கிடக்கலாம். அதனைத் துடைத்தெடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பாட்டியிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். பெயரில்லாத வாளி வெறும் இரும்பு. அதனை லோரிக்காரர் எடைபோட்டு எடுத்துச் சென்றுவிடுவார். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.