நாற்காலியும் நெஞ்சுவலியும்

லண்டன்



மாரடைப்பு பெரிய பதவிக்காரர்களின் வியாதி என்ற நினைப்பு இந்த ஊரிலும் வெகுநாள் இருந்தது. பொறுப்பு கூடினால் கவலை கூடும், கவலை கூடினால் நெஞ்சு தாங்காது என்பது கணக்கு. அதைக் கவிழ்த்தது ஒயிட்ஹால், அதாவது பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களின் கோட்டை. 1967-இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பரிசோதித்து, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஏழரை ஆண்டுகளில், கோப்பு சுமக்கும், வாசல் காக்கும் கடைநிலை ஊழியர்களிடையே இதயநோய் மரண விகிதம் உச்ச அதிகாரிகளுக்கு இருந்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு, 1948 முதல் மருத்துவமும் இலவசம். குமாஸ்தாக்களோ இருவருக்கும் நடுவில் நின்றார்கள். ஏழ்மை மட்டுமே காரணமென்றால் இப்படிப் படிப்படியாக ஆபத்து ஏறியிருக்காது.

கீழ்மட்டத்தில் புகைப்பவர்கள் அதிகம், அதுதான் விஷயம் என்று உடனே சொல்லத் தோன்றும். அதிகம்தான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசத்தில் பாதிகூட மறையவில்லை. தவிர, நாளெல்லாம் பிறர் ஏவலுக்கு ஓடுபவன் தன் இஷ்டத்துக்குச் செய்ய மிஞ்சியிருப்பது அந்த ஒரு சிகரெட்தான் என்றால், அதை வெறும் கெட்ட பழக்கம் என்று தனியே பிரித்துவிட முடியுமா? 1985-இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், ஆய்வாளர் மைக்கேல் மார்மட் குழுவினர் வேலைப்பளுவைவிட அழுத்தமாகச் சுட்டியது, தன் வேலையில் தனக்கே பேச்சு இல்லாத நிலையை. ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்: அலுவலக நேரத்தில் எல்லா மட்டத்தினருக்கும் ஏறுகிறது, வீடு திரும்பியதும் மேலதிகாரிக்கு நன்றாக இறங்குகிறது, கீழ்மட்ட ஊழியருக்கு அவ்வளவு இறங்குவதில்லை. ஆபத்து வேளையில் கைகொடுக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் இப்படி ஓயாமல் சுரந்தால் சர்க்கரையை ஏற்றும், வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும். 14 ஆண்டுக் கண்காணிப்பில், தொடர்ந்து பணி நெருக்கடியில் இருந்தவர்களுக்கு வயிற்றுப் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் கூட்டாகச் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்குக்கும் மேல் இருந்தது.

நோயாளிதான் பதவி உயர்வில்லாமல் கீழே தங்கிவிடுகிறான், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்கள் என்பது இன்னொரு மறுப்பு. இது கனமான மறுப்பு. சிலர் விஷயத்தில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அரசுக் கட்டடங்களைப் பராமரித்த துறை ஒன்று தனியாருக்குப் போகப் போகிறது என்ற செய்தி வந்த காலமும் இந்த இரண்டாம் ஆய்வுக்குள் அகப்பட்டது. அங்கே முடிவு மேலிடத்திலிருந்து மொத்தத் துறைக்கும் வந்தது. நோஞ்சான்களைப் பொறுக்கி யாரும் அனுப்பவில்லை. தொடக்கத்தில் அந்த ஊழியர்களின் உடல்நிலை மற்ற துறையினருக்குச் சளைத்ததாக இல்லை. வேலை போகுமோ என்று காத்திருந்த நாட்களில், ஒருவர் வேலையும் பறிபோகும் முன்பே, அவர்கள் உடல்நிலை மற்றவர்களுடையதைவிட மோசமாகத் தொடங்கியது.