ஜெம்மா பிறந்த ஊரில் ஒரு குப்பைப் பை

இத்தாலிக்குத் திருப்பயணம் செல்வோர் உரோமையையும் அசிசியையும் பதுவையையும் தரிசித்துவிட்டு மனநிறைவோடு திரும்புவது வழக்கம். தொஸ்கானா மாநிலத்திலுள்ள லுக்கா நகரை எட்டிப் பார்ப்போர் சிலரே. இரண்டு புனிதைகள் மீது கொண்ட பக்தியே நம்மை அங்கு அழைத்துச் சென்றது. ஒருவர், 13-ஆம் நூற்றாண்டில் அந்நகரின் செல்வர் வீடொன்றில் பணிப்பெண்ணாக உழைத்தே புனித நிலை எய்திய ஜீட்டா. மற்றவர், நம் இல்லங்கள் பலவற்றில் படமாக வீற்றிருக்கும் ஜெம்மா கல்கானி.

லுக்கா நகரைச் சுற்றிலும் பழைய மதில் இன்றும் சிதையாமல் நிற்கிறது. அதன்மீது மரங்கள் நிழல் பரப்ப, முதியோரும் சிறுவரும் உலவுகின்றனர். மதிலுக்குள் அமைந்த புனித பிரதியானோ ஆலயத்தில் ஜீட்டாவின் உடல் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டுள்ளது. எஞ்சிய அப்பத்தை முந்தானையில் மறைத்து ஏழைகளுக்கு எடுத்துச் சென்றபோது எசமானர் தடுத்து நிறுத்தினார் என்றும், விரித்துக் காட்டிய துணியில் அப்பத்திற்குப் பதிலாக மலர்கள் இருந்தன என்றும் அந்நகர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். வீட்டுப் பொருள் எதையும் வீணாக்காத அப்புனிதையின் முன் முழந்தாளிட்டபோது, மறுநாளே அவரை நாம் மீண்டும் நினைக்க நேரிடும் என எண்ணவில்லை.

மறுநாள் காலை, லுக்காவுக்குக் கிழக்கேயுள்ள கப்பன்னோரிக்குப் புறப்பட்டோம். கப்பன்னோரி என்பது தனியொரு நகரன்று. ஏறத்தாழ 46,000 மக்கள் வாழும் 40 சிற்றூர்களின் தொகுப்பு. சமவெளியில் வயல்களும் குன்றின் சரிவுகளில் ஒலிவத் தோப்புகளும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. அச்சிற்றூர்களுள் ஒன்றான கமில்யானோவில்தான் 1878-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் ஜெம்மா பிறந்தார். நம் மாவட்டத்தைச் சேர்ந்தவரும், அப்பகுதி முதியோர் இல்லமொன்றில் பணியாற்றுபவருமான அருட்சகோதரி ஒருவர் நமக்கு வழித்துணையாக வந்தார்.

செபம் முடிந்தபின், சகோதரிக்குப் பழக்கமான ஒரு மூதாட்டியின் இல்லத்தில் நண்பகல் உணவு. உண்டு முடித்ததும் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு பழத்தோல், காகிதக் கைத்துடைப்பு, தண்ணீர்ப் புட்டி, மாத்திரை அட்டை அனைத்தையும் ஒரே பையில் திணித்து வாயிலருகே வைத்தோம். மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, வெவ்வேறு கலங்களில் இட்டார். நாம் தலைகுனிந்தோம்.

"வருந்த வேண்டாம். நாங்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் செய்தோம்" என்று அவர் கூறியதைச் சகோதரி தமிழில் எடுத்துரைத்தார். அதன்பின்னரே, வந்த வழியில் தெருவோரக் குப்பைத் தொட்டி ஒன்றையும் காணாதது நம் நினைவுக்கு வந்தது.

அதற்கொரு வரலாறு உண்டு. 1997-ஆம் ஆண்டில் கப்பன்னோரியில் குப்பையை எரிக்கும் பெரிய ஆலை அமைக்கத் திட்டமிடப்பட்டது. அதன் புகையால் மக்களுக்குத் தீங்கு நேருமென அஞ்சிய தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரொஸ்ஸானோ எர்கொலீனி, ஊர் மக்களைத் திரட்டி எதிர்த்தார். திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் கேள்வி எஞ்சியது: எரிப்பதும் வேண்டாம், புதைப்பதும் வேண்டாம் என்றால் நம் வீட்டுக் குப்பையை என்ன செய்வது? எதிர்ப்பதோடு நின்றுவிடாமல் விடையையும் தேடினார் அவர். 2005-இல் ஒரு பகுதியில் வீடுவீடாகச் சென்று தரம் பிரித்த குப்பையைப் பெறும் முறை தொடங்கிற்று. தொண்டர்கள் இல்லந்தோறும் சென்று கலங்களையும் பைகளையும் இலவசமாகக் கொடுத்து விளக்கம் சொன்னார்கள். 2010-க்குள் அம்முறை எல்லாச் சிற்றூர்களுக்கும் பரவியது. இதற்கிடையே 2007-இல், 'கழிவே இல்லா ஊர்' என்னும் இலக்கை ஐரோப்பாவிலேயே முதன்முதலாக ஏற்றது கப்பன்னோரி. 2013-இல் அந்த ஆசிரியருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு வழங்கப்பட்டது.

விளைவு யாது? 2004-இல் ஆளொன்றுக்கு நாள்தோறும் 1.92 கிலோவாக இருந்த குப்பை, 2012-இல் 1.18 கிலோவாகக் குறைந்தது. 2010-இல் மொத்தக் குப்பையில் 82 விழுக்காடு வீட்டிலேயே தரம் பிரிக்கப்பட்டது. வீட்டுத் தோட்டத்தில் உணவுக் கழிவை எருவாக்குவோருக்குக் கட்டணத்தில் 10 விழுக்காடு தள்ளுபடியும் கிடைத்தது.

நமக்கு மிகவும் வியப்பளித்தது கட்டண முறையே. முன்னெல்லாம் இத்தாலியில் வீட்டின் பரப்பளவைக் கொண்டே குப்பை வரி கணிக்கப்பட்டது. சிக்கனமாக வாழ்பவரும் வாரி இறைப்பவரும் ஒரே அளவு வீட்டில் குடியிருந்தால் ஒரே தொகை கட்டினர். 2012-இல் கப்பன்னோரியின் சில சிற்றூர்களில் இம்முறை மாறியது. தரம் பிரித்தபின் எதற்கும் உதவாமல் எஞ்சும் குப்பைக்கென ஒரு பை. அதில் மின்சில்லு பதித்த ஒட்டுச்சீட்டு. வண்டி வந்து பையை எடுக்கும்போது அது எந்த வீட்டுப் பை என்பதை வண்டியிலுள்ள கருவி குறித்துக்கொள்ளும். எத்தனை முறை பை வைத்தோமோ அதற்கேற்பக் கட்டணம். அச்சிற்றூர்களில் தரம் பிரிக்கும் அளவு 90 விழுக்காடு வரை உயர்ந்தது.

இங்கே நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. கைக்குழந்தையுள்ள இளந்தம்பதியர் என்ன செய்வர்? படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பேணும் இல்லம் என்ன செய்யும்? அவர்களது பை வாரந்தோறும் நிறையத்தானே செய்யும்? அன்புப் பணிக்கே அபராதம் விதிப்பது போலாகாதா? இதைச் சகோதரியிடம் கேட்டோம்.

அவர் உடனே மறுக்கவில்லை. "முதியோர் இல்லத்தில் நாங்கள் தினமும் காணும் பிரச்சினை இது. கட்டணம் விதிக்கிறவர்கள் இவர்களை மறந்தால் அது அநீதிதான்" என்றார். இத்தகைய கட்டணமுள்ள இத்தாலிய ஊர்கள் பலவற்றில் குழந்தைகள், நோயாளிகளின் டயாப்பர்களுக்குத் தனிச் சேகரிப்பும் சலுகையும் உண்டென அவர் விளக்கினார். கப்பன்னோரியில் ஊராட்சியினர் எஞ்சிய குப்பைப் பைகளைத் திறந்து ஆராய்ந்தனராம். அதில் டயாப்பர்கள் மிகுந்திருக்கக் கண்டு, பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல், துவைத்துப் பயன்படுத்தும் துணிகளைச் சலுகை விலையில் அளித்தார்கள். காப்பித் தூள் அடைத்த சிறு சிமிழ்கள் மிகுந்திருக்கக் கண்டு, அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களோடு பேச்சு நடத்தினார்கள். வீட்டிலுள்ளவர் மட்டுமன்று, திரும்பப் பயன்படாத பொருளைச் செய்து விற்பவரும் பொறுப்பாளியே என்பதை அவ்வூர் உணர்ந்திருந்தது.

"இந்தப் பை உங்களுக்குச் சுமையாக இல்லையா?" என்று மூதாட்டியை வினவினோம். அவர் புன்னகைத்தார். "தொடக்கத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. தெருத்தொட்டியில் போட்டபோது அது யாருடைய குப்பையோ ஆகிவிடும். இப்போது அது என் குப்பை. பையைக் கட்டும்போதெல்லாம் இந்த வாரம் நான் எப்படி வாழ்ந்தேன் என்று தெரிந்துவிடுகிறது" என்றார்.

அன்பான வாசகர்களே, அச்சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. இரவில் உறங்குமுன் ஆன்ம சோதனை செய்யும்படி நம் முன்னோர் நமக்குக் கற்பித்தார்களன்றோ? அன்று செய்த பிழையை 'எல்லோரும் செய்வதுதானே' என்று பொதுத் தொட்டியில் எறிந்துவிடாமல் 'என் பிழை' என்று ஏற்பதே அதன் உட்பொருள். அம்மூதாட்டியின் பை நமக்கு அதனையே நினைவூட்டிற்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில், பொருளை எறிந்துவிடும் மனப்பான்மை மனிதரையும் எறிந்துவிடும் மனப்பான்மையோடு இணைந்தது என்று எச்சரித்தார். நோயாளியின் பைக்குச் சலுகை தருவதும், வீணான பைக்குக் கட்டணம் விதிப்பதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள் எனலாம்.

நம் ஊர்களிலும் இன்று தூய்மைக் காவலர்கள் வண்டியோடு வீட்டு வாயிலில் நிற்கிறார்கள். நாம் கலந்து கொடுப்பதை அவர்கள் தம் கைகளால் பிரிக்க நேரிடுகிறது. நம் தாத்தா பாட்டியர் சாணத்தையும் சருகையும் காய்கறித் தோலையும் எருக்குழியில் இட்டு வயலுக்கு உரமாக்கியவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளாகிய நாமோ, திருவிழா அன்னதானம் முடிந்தபின் ஆலய வளாகம் எவ்வாறு கிடக்கிறது என்பதை நன்கறிவோம். அடுத்த திருவிழாவிற்கு முன் பங்குப் பேரவையில் இதைப் பேசுவது நல்லது. அதற்கு முன்பாகவே, இன்று மாலை நம் வீட்டுச் சமையலறையில் இரண்டு கலங்களை வைப்பது இன்னும் நல்லது.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நாளில், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் சீடர்களைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஐந்து அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவரே துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார் என்றால், நாம் எம்மாத்திரம்? ஜீட்டாவின் முந்தானையையும் அம்மூதாட்டியின் பையையும் எண்ணியபடியே, மாலையில் லுக்கா திரும்பும் பேருந்தில் ஏறினோம். கையிலிருந்த ஆரஞ்சுத் தோலைச் சன்னல் வழியே எறியாமல், நம் பையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டோம்.