மாப்ளையோட மூச்சுக் கணக்கு

சுத்தியும் அபார்ட்மெண்ட் வந்துட்டாலும் எங்க ஐயப்பன்தாங்கல்ல எனக்கு இன்னும் முப்பது சென்ட் கீரைப் பாத்தி மிச்சம் இருக்கு. ஆனா இந்த வாரம் கீரையைப் பத்தி எழுத மனசு வரல. என் தங்கச்சி பையனைப் பத்தி எழுதுறேன்.

அவனுக்கு 14 வயசு. டுஷேன் தசைச் சிதைவு நோய். 11 வயசுல நடை நின்னு போச்சு, இப்போ சக்கர நாற்காலிதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மூச்சை அளக்கக் கூட்டிட்டுப் போகணும். "நல்லாத்தானே மூச்சு விடுறான், எதுக்கு அலையணும்?"னு நான்தான் போன தடவை தடுத்தேன்.

இந்தத் தடவை நானும் கூடப் போனேன். முதல்ல உயரம் வேணும்னாங்க. நிக்க முடியாத பையனுக்கு எப்படி உயரம் பாக்கிறது? பந்தல் கயித்தை அளக்குற மாதிரி ரெண்டு கையையும் விரிக்கச் சொல்லி, விரல் நுனிக்கு விரல் நுனி டேப் வெச்சாங்க. அதை வெச்சு அவனுக்கு எவ்வளவு காத்து இருக்கணும்னு கணக்குப் போடுறாங்க. அப்புறம் மூக்குல கிளிப், வாயில குழாய். "இழு, இழு, இப்ப ஊது, விடாதே!" மூணு தடவை ஊதினான். கழுத்து நரம்பு புடைச்சுக்கிச்சு.

கடைசியா குழாய்க்குள்ள இருமச் சொன்னாங்க. இருமல் வேகம் நிமிஷத்துக்கு 270 லிட்டருக்குக் கீழ போனா, சளி பிடிக்கிறப்ப வெளிய தள்ள அடுத்தவங்க உதவியோ மெஷினோ தேவைப்படுமாம். இவனுக்கு 230.

"ஓடியாடுற பிள்ளைன்னா மூச்சு வாங்குறது தெரிஞ்சிடும். உக்காந்தே இருக்கிற பிள்ளைக்கு வெளிய தெரியாதுங்க. காலையில தலைவலி இருக்கா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ராத்திரி தூக்கத்துல மூச்சு பத்தாம போனா அப்படி வருமாம்.

மூணு மாசமா தலைவலிக்குதுன்னு சொன்னான். செல்போனை நோண்டாதடான்னு திட்டினவன் நான். கிணத்துல தண்ணி எறங்குதான்னு தினமும் எட்டிப் பாக்குற எனக்கு, இது தெரியல.

தங்கச்சி அழல. சேலத்துல வானவன்மாதேவி, இயலிசை வல்லபின்னு ரெண்டு சகோதரிகள், இதே மாதிரி தசைச் சிதைவோட இருந்துக்கிட்டே ஆதவ் அறக்கட்டளை ஆரம்பிச்சு மத்தவங்களைப் பாத்துக்கிட்டாங்க. மூத்தவங்க 2017ல காலமாயிட்டாங்க. அவங்களைப் பத்திப் படிச்சதுல இருந்து தங்கச்சிக்கு ஒரு தைரியம். "இருக்கிற மூச்சைக் காப்பாத்துவோம்ணா"ன்னா.

ராத்திரி தூங்குறப்ப மூச்சைப் பாக்க தேதி குடுத்திருக்காங்க. அன்னிக்குக் கீரை அறுப்பு கிடையாது. வர்ற வழியில, "மாமா, நீங்க ஊதினா எவ்வளவு வரும்?"னு கேட்டான். அடுத்த தடவை நானும் ஊதுறேன் மாப்ளேன்னு சொல்லியிருக்கேன்.