ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் ஆகப் போறீங்களா?

பிளஸ் டூ முடிச்சாச்சு. இன்ஜினீயரிங், நர்ஸிங், பி.காம்.னு ஆளாளுக்கு ஒரு பக்கம் கிளம்பிட்டாங்க. உங்க வீட்டுக்கு மட்டும் ஒரு பெரியம்மா வந்து, "பேசாம டீச்சர் ட்ரெயினிங் சேர்த்து விடுங்க. ரெண்டே வருஷம். கவர்மென்ட் உத்தியோகம்"னு எடுத்துக் கொடுத்திருப்பாங்க. பெரியம்மா சொன்னதுல அந்த 'ரெண்டே வருஷம்' என்பதை மட்டும் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு மேல படிங்க. எனக்கு பதினோரு வருஷம் ஆச்சு!

பயமுறுத்தலைங்க. கணக்கு சொல்றேன். 2014ல் ட்ரெயினிங்கில் சேர்ந்தேன். 2016ல் பட்டயம். 2017ல் டெட் பாஸ். ஒன்றிய தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது 2025ல். நடுவில் இருக்கும் எட்டு வருஷத்தைப் பற்றித்தான் பெரியம்மாக்கள் யாரும் சொல்வதில்லை.

முன்பெல்லாம் ரூட் சிம்பிள். பட்டயம் முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தால், சீனியாரிட்டிப்படி என்றாவது ஒருநாள் அழைப்பு வரும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, தகுதித் தேர்வு கட்டாயம் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில். லட்சக்கணக்கானவர்கள் எழுதியதில் ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை! 2018ல் இன்னொரு அரசாணை. டெட் பாஸ் செய்தால் போதாது, வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றார்கள். சரி, எழுதிடலாம்னு உட்கார்ந்தால், இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு நடந்ததே 2024 ஜூலை 21ல்தான். டெட் சான்றிதழ் முதலில் ஏழு வருஷம்தான் செல்லும். 2021ல் அதை ஆயுள் முழுக்க என்று மாற்றியிருக்காவிட்டால், பரீட்சை வருவதற்குள் என் சான்றிதழே செத்துப் போயிருக்கும்.

இப்போ உங்க மேட்டர். பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 45. அரசு இடம் வேண்டுமென்றால் உங்க மாவட்டத்து ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனத்தை (டயட் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்) முதலில் பாருங்க. தனியாரில் சேர்வதாக இருந்தால் அங்கீகாரம் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரியுங்க. 'பி.எட். முடிச்சா சின்னப் பிள்ளைகளுக்கும் எடுக்கலாமே' என்று யாராவது ஐடியா கொடுத்தால், 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்துவிட்டது என்று சொல்லுங்க. ஒன்று முதல் ஐந்து வரைக்கும் தொடக்கக் கல்விப் பட்டயம்தான். டெட்டில் உங்களுக்கு முதல் தாள். குழந்தை உளவியல், தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சூழ்நிலையியல் என்று தலா 30, மொத்தம் 150. பாஸ் மார்க் எவ்வளவு என்பதை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கங்க, பிரிவுக்குப் பிரிவு மாறும்.

ஆனா பாஸ், வேலை கத்துக்கிற இடம் பரீட்சை ஹால் இல்லை.

எனக்குக் கற்பித்தல் பயிற்சிக்குக் கிடைத்தது ஒரு ஈராசிரியர் பள்ளி. ரெண்டே டீச்சர், அஞ்சு கிளாஸ். ராத்திரி முழுக்கக் கண் விழித்து சார்ட் வரைந்து, பாடத் திட்டம் எழுதி, கலர் பென்சிலில் பார்டர் எல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கடன் வாங்கிக் கழித்தல். 42லிருந்து 17. "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து நாலுகிட்ட ஒண்ணு கடன் வாங்கணும்" என்றேன். ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் எழுந்தான். "திருப்பி எப்ப டீச்சர் குடுப்போம்?"

பதில் சொல்லுங்க பார்ப்போம்! ரெண்டு வருஷ உளவியலில் இதற்கு விடை கிடையாது. அந்தப் பள்ளித் தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே வந்து, வேப்பங்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு நாலு கட்டு, தனியாக ரெண்டு குச்சி என்று அவன் முன்னால் வைத்தார்கள். "பதினேழு எடுத்துக் குடு" என்றார்கள். கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம் ஒரு கட்டை அவனே அவிழ்த்தான். கடனும் இல்லை, வட்டியும் இல்லை. என் சார்ட்டை நான் சுருட்டி வைத்துவிட்டேன். இன்றைக்கும் என் மேஜையில் குச்சிக் கட்டு இருக்கு.

இந்த மாதிரி ஒரு நாள் உங்களுக்குப் பிடிக்குமா? மூக்கு ஒழுகும், கிளாஸிலேயே டவுசர் நனையும், "டீச்சர் இவன் என் ரப்பரை எடுத்துட்டான்" பஞ்சாயத்து ஒரு நாளைக்கு நாற்பது வரும். பிடிக்காது என்றால் இப்பவே பி.காம். சேர்ந்துடுங்க, தப்பே இல்லை.

பிடிக்கும் என்றால், காத்திருக்கும் வருஷங்களில் எதை வைத்துச் சாப்பிடுவது என்பதையும் இப்பவே யோசிங்க. நான் ஒரு தனியார் நர்சரியில் மாசம் 6,000 ரூபாய்க்குப் போனேன். ஏப்ரல், மே ஆனால் வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புவார்கள். சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டார்கள். ஜெராக்ஸ்தான் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்க. 2021ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது சாயங்காலத்தில் தன்னார்வலர் ஆனேன், மாசம் 1,000 ரூபாய். 2022ல் அரசுப் பள்ளிகளில் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு 7,500 என்றார்கள். வீட்டில் அப்பா, "கொத்தனாருக்கு சித்தாள் வேலை பார்த்தாக்கூட இதைவிட ஜாஸ்திம்மா" என்பார். தப்பாகச் சொல்லவில்லை. தபாலில் ஒரு டிகிரியும் முடித்து வைத்துக்கொண்டேன், வேறு பக்கம் தாவ வேண்டி வந்தால் உதவுமே என்று.

வேலைக்கு வந்தாலும் சமாசாரம் முடியலை. அடிப்படைச் சம்பளம் 20,600ல் தொடங்குகிறது. 2009 ஜூன் 1க்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கும் பின்னால் சேர்ந்தவர்களுக்கும், ஒரே வேலைக்கு வேறு வேறு அடிப்படைச் சம்பளம் என்று ஆகிப்போய், அதற்கான போராட்டம் வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் காலடி வைத்த முதல் நாளே உங்களுக்கு இதைச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேற. என் பேட்ச்சில் ஒருத்தி இருந்தாள். அவள் கதை சொன்னால் அழுகிற குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காரும். நான் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தும் ஏறாத ல, ள, ழ அவள் ஒரு விளையாட்டு வைத்தால் ஏறிவிடும். டெட் பாஸ். 2024 தேர்வில் சில மார்க்கில் போய்விட்டது. இப்போ ஜவுளிக்கடையில் பில்லிங் போடுகிறாள். குழந்தையை எப்படிப் பக்கத்தில் உட்கார வைக்கிறாய் என்று நாலு விடையில் ஒன்றை ஷேட் பண்ணச் சொல்லி எந்த ஓ.எம்.ஆர். தாளும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அவள் ரேங்க்குக்குக் கீழேதான் நான் இருந்திருப்பேன்.

அடுத்த தேர்வுக்கும் அவள் படிக்கிறாள், கடை மூடிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல். என் பழைய கேள்வித்தாள் கட்டு மொத்தமும் இப்போ அவ வீட்டுலதான் இருக்கு.