அடியில் இருந்த ஈரம்

மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒருவனுக்கும் வேன் வாங்குவதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். ஒரு சைக்கிளையும், முன்பொரு காலத்தில் ஒரு ஸ்கூட்டரையும் தவிர வேறெந்த வாகனமும் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆயினும் 2025ஆம் ஆண்டில் மூன்று மாத காலம், அஸர் தொழுகை முடிந்ததும் பழைய வண்டிகளைத் தேடி அலைவதே என் வேலையாக இருந்தது. அந்த அலைச்சலில் வண்டிகளைப் பற்றிச் சிறிதும், என்னைப் பற்றிச் சற்று அதிகமாகவும் அறிந்துகொண்டேன். பிறருக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் அதனை இங்கே எழுதுகிறேன்.

என் லாத்தாவின் மகன் துபாயில் ஒன்பது ஆண்டுகள் உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைக்கும் பணியில் இருந்தவன். 2024இல் ஊர் திரும்பினான். "மாமா, சென்னையில் எந்தச் சாலையில் போனாலும் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள்தாம். முறையாகத் துடைக்கத் தெரிந்தவர்கள்தாம் குறைவு. நானே தொழில் தொடங்குகிறேன்" என்றான். ஒரு திருமண மண்டபம், ஒரு மருத்துவமனை, இரண்டு கடைகள் என வேலையும் கிடைத்தது. ஏணியும் வாளியும் ஏற்றிச் செல்ல வண்டிதான் இல்லை.

அவன் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே தந்தையை இழந்தவன். லாத்தா ஒருநாள் தம் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி என் முன் வைத்தார். "தம்பி, இதற்குமேல் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. வட்டிக்கு மட்டும் போய்விட வேண்டாம். நீ உடனிருந்து வாங்கிக் கொடு" என்றார். நான்கு பவுன். அதன் கனம் என் உள்ளங்கையில் வெகுநேரம் இருந்தது.

முதலில், என்ன வண்டி வேண்டும் என்ற கேள்வி. என் மருமகன் புத்தம் புதிய, பளபளப்பான வேன் ஒன்றின் படத்தைக் காட்டினான். "இந்த வண்டியில் போய் இறங்கினால்தான் மாமா, பெரிய நிறுவனங்கள் மதிப்பார்கள்" என்றான். நான் மறுத்துப் பேசவில்லை. தாளையும் பேனாவையும் எடுத்து, "என்னென்ன ஏற்றுவாய், சொல்" என்றேன்.

ஆழ்துளைக் கிணற்று நீரால் கண்ணாடியைக் கழுவினால், உலர்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளிகள் நின்றுவிடும். எனவே உப்பு நீக்கிய தண்ணீரை உடன் கொண்டு செல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 300 லிட்டர் என்றால் 300 கிலோ. தொட்டிக்கும் மோட்டாருக்கும் 40, ஏணி, கழி, குழாய், வாளி ஆகியவற்றுக்கு 60, ஆட்கள் இருவருக்கு 130. மொத்தம் 530 கிலோ! வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் சுமையோடு கூடிய எடை, வெறும் எடை என இரண்டு எண்கள் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே அந்த வண்டி சுமக்கக்கூடிய அளவு. அதில் மனிதர்களின் எடையும் அடக்கம். பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. வண்டிக்குள் இடம் இருக்கிறதே என்று ஏற்றிவிடுகிறார்கள். பிறகு பிரேக் பிடிப்பதில்லை, டயர் தாங்குவதில்லை.

இன்னொன்றையும் அவனே சொன்னான். பாதி நிரம்பிய தொட்டி, முழுவதும் நிரம்பியதைவிட ஆபத்தானது. பிரேக் போடும்போது தண்ணீர் முன்னே பாய்ந்து வண்டியையே தள்ளும். ஆகவே உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டியாக இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தாழ்வாக, தளத்தோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்க வேண்டும். இப்படி எழுதி முடித்தபோது அந்தப் பளபளப்பான படம் மேசையிலேயே கிடந்தது. அதைப் பற்றி அவன் மீண்டும் பேசவில்லை.

உடனே வாங்கவும் இல்லை. நம் மக்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றை, வேலை உள்ள நாள்களில் மட்டும் வாடகைக்கு அமர்த்தினான். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. திறந்த வண்டியில் கருவிகளை இரவில் விட்டுவைக்க முடியாது, பூட்டக்கூடிய மூடிய வேன்தான் தேவை என்பது அந்த அனுபவத்தில் தெளிவாயிற்று. ஒருநாள் வழியில் வண்டி நின்றுவிட்டது. உரிமையாளர் வேறொரு வண்டியை அனுப்பிவைத்ததோடு, அன்றைய வாடகையில் பாதியையும் குறைத்துக்கொண்டார். "என் வண்டி நின்றதற்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்றாராம். இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் ஒரு நிறுவனத்தார் குத்தகைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தனர். "இது கடன் அல்ல, எனவே வட்டியும் அல்ல. மாத வாடகை மட்டுமே. நான்கு ஆண்டு முடிவில் வண்டி உங்களுடையது" என்றனர். லாத்தாவின் முகம் மலர்ந்தது. ஒப்பந்தத் தாள்களை வாங்கி வந்து இரவெல்லாம் படித்தேன். வண்டி கைக்கு வருமுன்பே வாடகை தொடங்கிவிடும். எந்தப் பழுதானாலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி திருட்டுப் போனாலும், விபத்தில் முற்றாக அழிந்தாலும் எஞ்சிய எல்லா மாதங்களின் தொகையையும் நாமே செலுத்த வேண்டும். தவணை தாமதமானால் அதற்கும் நாள் கணக்கில் கட்டணம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' எனக் கூறும் வாடகை ஒப்பந்தம் மார்க்கத்தில் ஆகுமானதுதான். ஆனால் அதில் பொருள் உரிமையாளருடையது. ஆகவே அந்த உடைமைக்குரிய இழப்பும் அவரையே சாரும். எரிபொருள், அன்றாடப் பராமரிப்பு, நம் கவனக்குறைவால் நேரும் சேதம் ஆகியவையே நம் பொறுப்பு. பொருளின் பயன் நின்றுபோனால் வாடகையும் நின்றுபோகும். பஹ்ரைனில் இயங்கிவரும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நெறியமைப்பு இஜாராவுக்கென வகுத்துள்ள 9ஆம் எண் நெறியின் அடிப்படையும் இதுவே. இலாபம் ஒருவருக்கு, இடர் முழுவதும் மற்றவருக்கு என்றால், அது வாடகையின் ஆடையை உடுத்திய கடனாகிவிடுகிறது. எங்கள் மதரஸாவின் மூத்த ஆலிமிடமும் தாள்களைக் காட்டினேன். அவரும் அவ்வாறே கருதினார்.

இதை விளக்கியபோது என் மருமகன் சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்படியென்றால் அந்தக் குட்டி யானைக்காரர்தான் சரியான குத்தகைக்காரர், இல்லையா மாமா?" எழுத்தறிவு அதிகம் இல்லாத அந்த மனிதர் ஒரு கிதாபும் ஓதாமல் இஜாராவின் சட்டத்தை நடத்திக் காட்டியிருந்தார்!

எல்லாக் குத்தகையும் தவறு என்று நான் சொல்லவில்லை. நிபந்தனைகள் நேர்மையானவையாக இருந்து, மாதந்தோறும் நிலையான வேலையும் இருப்பவருக்கு அது பொருந்தக்கூடும். மழைக்காலத்தில் வேலை சுருங்கிவிடும் புதிய தொழிலுக்கு அது சுமையே. எனவே, கைக்காசுக்குப் பழைய வேன் என முடிவு செய்தோம்.

பழைய வண்டி பார்ப்பதற்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். முதலில் பார்த்த வேன் புதிதாக வண்ணம் பூசப்பட்டு மணப்பெண்போல் நின்றது. விலையும் குறைவு. உள்ளே இனிய மணம் வேறு. என் மனம் அதில் விழுந்துவிட்டது. மெக்கானிக் எதுவும் பேசாமல் ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைப் பிடித்து, முழு நீளத்துக்கும் இழுத்தார். எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும் அதன் கடைசிப் பகுதியில் பழுப்பு நிறத்தில் சேற்றுக் கோடு ஒன்று தெரிந்தது. பிறகு தரைவிரிப்பைத் தூக்கினார். மடிப்புகளில் மெல்லிய வண்டல். இருக்கைத் திருகுகளில் துரு. "2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி" என்றார். விற்பவர் சிறிதும் கலங்கவில்லை. "நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்றார்.

திரும்பும் வழியில் என் மருமகன் கோபத்தோடு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். நான் வாய் திறக்கவில்லை. அந்த வாசகம் எனக்குப் பழக்கமானது. நானே எனக்குச் சொல்லிக்கொண்ட வாசகம் அது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் புகுந்தபோது என் ஸ்கூட்டர் இரண்டு நாள் நீரில் நின்றது. பழுது பார்த்தேன். ஓடியது. அடுத்த ஆண்டு தெருத் தெருவாகத் தேயிலைத் தூள் விற்கும் ஒருவருக்கு அதை விற்றுவிட்டேன். வெள்ளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொய் எதுவும் பேசவில்லையே என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் ஆண்டுதோறும் நான் பிள்ளைகளுக்கு நடத்தும் பாடம் என்ன? நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியில் அந்த வணிகரும் வாயால் பொய் சொன்னதாக இல்லை. அவரிடமும் ஈரம் அடியில் இருந்தது, அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தியும், என் ஸ்கூட்டர் ஒருமுறைகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. இன்னொருவரின் சேற்றுக் கோட்டைக் கண்ட பிறகே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்தத் தேயிலை வியாபாரியைத் தேடிச் சென்றேன். அதே பகுதியில்தான் இருந்தார். தலை நரைத்திருந்தது. விவரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் என்னையே பார்த்தார். "நான்கு மாதத்தில் என்ஜின் வேலை வந்தது. நான்காயிரம் ஆயிற்று. என் நேரம் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார். பணத்தை நீட்டினேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். புன்னகைக்கவில்லை. நான் புறப்படும்போது ஒன்று சொன்னார்: "அன்றைக்கே சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன் ஹஸரத். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பேன், அவ்வளவுதான்."

இரண்டாயிரமோ மூவாயிரமோ குறைந்திருக்கும். அதற்காகத்தான் ஒன்பது ஆண்டுகள் ஓர் அமானிதத்தைச் சுமந்து திரிந்தேன்!

எங்களுக்கு வேன் கிடைத்தது ஆறாவது முயற்சியில். அதன் உரிமையாளர் ரொட்டிக் கடை வைத்திருப்பவர், மாற்று மதச் சகோதரர். நாங்கள் கேட்கும் முன்பே, "இரண்டாவது கியர் போடும்போது உறுமும். இடப்பக்கக் கதவின் அடியில் துரு இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள்" என்று சாவியை நீட்டினார். மெக்கானிக் பார்த்த வேறு குறை எதுவும் இல்லை. கியர் வேலைக்கான செலவைக் கணக்கிட்டு 18,000 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

பிறகு தாள்கள். ஆர்.சி.யில் உள்ள என்ஜின், சேசிஸ் எண்களை வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டோம். முன்பு கடன் இருந்ததால், கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35ம் பெற்றோம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. காப்பீட்டை நம் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பித்தோம். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதால் அந்தத் தேதியையும் பார்த்தோம். விற்பவர்களும் பெயர் மாற்றத்தில் அலட்சியம் காட்டலாகாது. வண்டி கைமாறிய பிறகும், விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

மருமகனின் சேமிப்போடு நானும் நாற்பதாயிரம் ரூபாய் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தேன். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்றார் லாத்தா. கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது என்பதை நினைவூட்டி, இரு சாட்சிகளோடு எழுதிக்கொண்டோம். ஒரு வளையலை மட்டுமே விற்க நேர்ந்தது. மற்றொன்றை லாத்தாவின் கையில் நானே போட்டுவிட்டேன்.

இப்போது அந்த வேன் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கியரும் ஒழுங்காக விழுகிறது. கதவுத் துரு மட்டும் அப்படியே இருக்கிறது. "பெருநாளுக்குள் சரி செய்துவிடுகிறேன் மாமா" என்கிறான். அவசரமில்லை என்றேன். கண்ணில் தெரியும் துருவால் யாரும் ஏமாறப் போவதில்லை.

வாங்கும்போதும் விற்கும்போதும் உள்ளதை மேலே எடுத்து வைக்கும் துணிவை வல்ல அல்லாஹ் எனக்கும் உங்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.